நாவல் படிக்க எதற்கு ஐயா ரிட்டயர் ஆக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், டிஎன்பிஎஸ்சிக்கும் வங்கித் தேர்வுக்கும் தயாராக வேண்டிய வயதில் நாவலால் என்ன பிரயோஜனம், ஒரு வேலையில் உட்கார்ந்து, கல்யாணம் காட்சி முடித்து, பிள்ளைகளைக் கரையேற்றி, ரிட்டயர் ஆன பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார், அது தெரிகிறது. இந்தக் காலத்திலும் மாணவர்கள் நாவல் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்பட ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷம்கூட வந்தது, ஏனென்றால் மற்ற எல்லோரும் நாங்கள் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போவதாகத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா ஜீப் ஓட்டுகிறார், அம்மா காபி எஸ்டேட்டில் வேலை. சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன், தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கிற வரைக்கும் புத்தகத்தைத் திறக்க முடியாது, திறந்தால் குமட்டும், இது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அடிவாரம் வந்ததும் எடுத்தால், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டியில் கூட்டம் நெருக்கி முழங்கை மூஞ்சியில் இடிக்கிற வரைக்கும் ஒரு அத்தியாயம் ஓடும். மே மாதக் கோடை விழா சமயத்தில் அதுவும் கிடையாது, பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிசு. ஆக, பெரியவர் நினைப்பதுபோல நாள் முழுக்க நான் நாவலைக் கட்டிக்கொண்டு அழவில்லை. போட்டித் தேர்வுக்கும் படிக்கிறேன், அரசு வேலை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, முதலில் வயசுக் கணக்குக்கு வருகிறேன். தமிழில் முதல் நாவல் என்று எல்லோரும் சொல்கிற பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக வேலை பார்த்தவர், 1879இல் அது அச்சில் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இது பெரியவர் கட்சிக்குப் பலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்து பெயர் சொல்லும்படி வந்த கமலாம்பாள் சரித்திரம் யார் எழுதியது? ராஜம் ஐயர். 1872இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். விவேக சிந்தாமணி பத்திரிகையில் அந்தக் கதை தொடராக வர ஆரம்பித்தது 1893இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கு எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவுக்காகத் தவம் கிடக்கிற பையன்களின் வயசு. 1898இல், இருபத்தாறு வயதில் அவர் போயே போய்விட்டார். பெரியவர் சொல்கிறபடி ரிட்டயர்மென்டுக்காக அவர் காத்திருந்தால் தமிழுக்கு அந்த நாவலே கிடைத்திருக்காது.

அதில் வம்பர் மகாசபை என்று ஒன்று வரும், ஊர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஊரில் இருக்கிறவர்கள் இல்லாதவர்கள் எல்லோரையும் மென்று துப்புகிற இடம். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லைன் வீட்டுக் குழாயடிக்கு அப்படியே பொருந்தும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பஸ்ஸில் நான் தனியாகச் சிரிக்க, பக்கத்தில் இருந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய பிராமண அக்கிரகாரத்துக் கதை, எனக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, ஆனாலும் அந்த வம்பு எனக்குப் புரிகிறது.

அப்புறம் நம்ம கொங்குப் பக்கம் வாருங்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942இல் வந்தது, எழுதும்போது அவருக்கும் இருபதுகள்தான். புருஷன் செத்துப்போன ஒரு குடியானவப் பெண், கொழுந்தன் வீட்டில் இருந்துகொண்டு, எனக்குச் சேர வேண்டிய நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் படித்துக்கொள்ளட்டும். ஆனால் அவள் நல்லவளா கெட்டவளா என்று கடைசிவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அவள் கேட்பது நியாயம், கேட்கிற விதமும் சேர்கிற ஆளும் சரியில்லை, அந்தக் கொழுந்தனும் கெட்டவன் இல்லை, பின்னே யார்மேல் கோபப்படுவது? எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள் அந்த ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவளுக்காக அடித்துக்கொண்டோம். ஒருத்தி வீட்டில் நிஜமாகவே நிலத்தகராறு நடக்கிறது, அவள் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, புத்தகத்தை மட்டும் திருப்பித் தரவே மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள்.

பெருமாள்முருகனும் அப்படித்தான். 1966இல் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர், அவருடைய முதல் நாவல் ஏறுவெயில் வந்தது 1991இல். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டம்தான், நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997இல், அதனால் அவரை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பாதி உரிமை உண்டு. வீட்டு வசதிக் காலனி கட்ட நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு ஒரு விவசாயக் குடும்பம் என்ன ஆகிறது என்பதுதான் அந்த நாவல். நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த 2018இல் சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க அளந்து கல் நட்டார்கள், உங்கள் பத்திரிகையிலும் தினமும் செய்தி வந்தது, எத்தனை ஹெக்டேர், எவ்வளவு இழப்பீடு, யார் யார் கைது என்று. அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் இருந்து வருகிற என் தோழியின் தாத்தா அந்தக் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டவர். அவளுக்கு நான் ஏறுவெயிலைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் சொன்னது, "எங்க வீட்ல அந்த ரெண்டு வருஷம் யாரும் யாரோடயும் ஒழுங்கா பேசிக்கல. எதுக்குன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது." ஹெக்டேர் கணக்கைத் தப்பு சொல்லவில்லை, செய்திக்கு அது வேண்டும்தான். ஆனால் வீட்டுக்குள்ளே நடந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை, வர முடியாது, அதை எழுத ஒருவர் வருஷக்கணக்காக உட்கார வேண்டியிருக்கிறது.

பெரியவரின் அடுத்த கேள்வி பிரயோஜனம் பற்றியது. இதை அவர் மட்டும் கேட்கவில்லை, எங்கள் கல்லூரியிலும் கேட்கிறார்கள், என்ன, வேறு விதமாகக் கேட்கிறார்கள். வேதியியல் படித்தாலும் முதல் பகுதியில் தமிழ் உண்டு, அதில் ஒரு நாவல் பாடமாக இருக்கும். அதைப் பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறோம் தெரியுமா? ஜெராக்ஸ் கடையில் ஒரு கைடு கிடைக்கும், கதைச் சுருக்கம் நாலு பக்கம், கதைமாந்தர் பண்புநலன் ஆறு பக்கம், நாவல் உணர்த்தும் கருத்து ஒரு பக்கம். கருத்தை ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுதினால்தான் மார்க். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் நாவலைத் தொட்டே பார்க்காமல் பாஸ் ஆனவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கேள்வித்தாளுக்கு நாவல் தேவையில்லை. நாவலை முழுசாகப் படித்த நான்தான் மாட்டிக்கொண்டேன், கதாநாயகியின் பண்புநலனை விவரி என்று கேட்டால் நான் எதை என்று எழுதுவேன், அவள் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரி இருக்கிறாள், இருபதாம் அத்தியாயத்தில் வேறு மாதிரி இருக்கிறாள்!

நாவலில் கருத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேதநாயகம் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் நீதி சொன்னவர்தான். ஆனால் எனக்கு இப்போது அதில் ஞாபகம் இருப்பது நீதி இல்லை, ஞானாம்பாள்தான், ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ராஜாங்கம் நடத்தியவள்.

பிரயோஜனம் என்று கேட்டதால் ஒன்று சொல்கிறேன். போன காபி சீசனில் எரியும் பனிக்காடு என்ற நாவலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பி.எச். டேனியல் என்ற டாக்டர், வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வேலை பார்த்தவர், ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்தது, இரா. முருகவேள் தமிழில் மொழிபெயர்த்தார். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல் கருப்பன், வள்ளி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி, ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு டீ எஸ்டேட்டுக்கு மலை ஏறுகிறார்கள், வெள்ளைக்காரன் காலம். பரதேசி என்ற சினிமா இதை வைத்து வந்ததுதான்.

எங்கள் அம்மா அஞ்சாவதோடு நின்றவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் சீசனில் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணைத் திறக்கவே தெம்பு இருக்காது. காலையில் பனியோடு போனால் இடுப்பில் சாக்குப்பை கட்டி, பழுத்த பழமாகப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும், காயோடு சேர்த்து உருவினால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் சத்தம் போடுவார், செடியில் கை வைத்தால் முசுறு எறும்பு கடிக்கும், பழத்துப் பால் ஒட்டி விரல் எல்லாம் பிசுபிசு என்று கறுத்துப்போகும், அந்தக் கறை ஞாயிற்றுக்கிழமைவரை போகாது. அந்தக் கையோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "அம்மா, எஸ்டேட் கதைதான், வாசிக்கட்டுமா" என்றேன். "எஸ்டேட்டைப் பாத்துட்டுத்தான் வர்றேன், அதையே வேற வாசிக்கணுமா" என்றார். வாசித்தேன்.

முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நானே மறந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் புள்ள வந்து சேந்துச்சே, அப்புறம் என்னடி ஆச்சு?" என்று அவராகக் கேட்டார். அதற்கப்புறம் விடவில்லை. நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பரிசோதனை வேறு. லைன் வீட்டில் புகை எப்படிப் போகும் என்று எழுதியிருக்கிறானா, மழையில் விறகு நனைந்தால் என்ன செய்வார்கள் என்று இருக்கிறதா, கூலியில் பிடித்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, டீயும் காபியும் வேறவேற, டீ வருஷம் முழுக்க எடுக்கிறது, அதனால்தான் அவர்களுக்கு இன்னும் கஷ்டம் என்று எனக்கு வகுப்பு. ஒரு இடத்தில், "இந்த மனுசன் சும்மா எழுதல, கூட இருந்து பாத்திருக்காரு" என்றார். எழுதியது டாக்டர் என்று சொன்னதும், "அதான்" என்று தலையாட்டினார். பெரிய விமர்சகர்கள் யாரும் ஒரு நாவலை இதைவிடச் சுருக்கமாகப் பாராட்டி நான் படித்ததில்லை. அப்பா கேட்காத மாதிரி திரும்பிப் படுத்திருந்தார், ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்தது அவர்தான்.

பாதிக் கதையில் அம்மா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் பாட்டி இந்த மலைக்கு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரூர்ப் பக்கத்தில் இருந்து ஆள் சேர்க்கிற ஒரு கங்காணி கூட்டி வந்தாராம், வந்த புதிதில் அட்டைக்குப் பயந்து புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குவாராம், கொண்டுவந்த பித்தளைக் குண்டாவை முதல் மழைக்காலத்திலேயே விற்றுச் சாப்பிட்டார்களாம். அந்தக் குண்டா ஒன்று எங்கள் பாட்டிக்கு இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாட்டி உயிரோடு இருந்தபோது நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்று அதில் இருந்தது, இதைப் பொது அறிவுப் புத்தகத்தில் நான் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறேன், கேள்வி வந்தால் டிக் அடிப்பேன். எதனால் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது எனக்குக் கருப்பனும் வள்ளியும் அம்மாவும் சேர்ந்து சொல்லித்தான் உறைத்தது. பெரியவருக்கு இது பிரயோஜனமாகப் படுமா என்று தெரியவில்லை. பரீட்சையில் இரண்டு மார்க்கூட வராது.

இன்னொரு வகைப் படிப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ சோகக் கதை மட்டும் படிக்கிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, வீட்டை ஒழிக்கும்போது ஒரு மூட்டைப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட எடுத்து வைத்திருந்தார். அதில் இருந்து எனக்கு ஒன்று கிடைத்தது, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்தது. உங்கள் வயது வாசகர்கள் வீட்டில் எல்லாம் இப்படி ஒன்றாவது இருந்திருக்கும். முதல் சில பக்கம் இல்லை, அதனால் கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. ஓரத்தில் பாதி ஜோக் இருக்கும், மீதிப் பாதி வேறு பக்கத்தோடு போயிருக்கும், ஒரு சமையல் குறிப்பு புளியைக் கரைத்து என்பதோடு நிற்கும், பல்பொடி விளம்பரத்தில் ஒரு மாமி சிரித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு வாரத்து இதழ் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ரைட்டர் தாத்தா நீல மையில் "இவ்வாரம் கிடைக்கவில்லை" என்று எழுதி ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்திருக்கிறார். முந்தின வாரத்தில் கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கப் போகிறாள், அடுத்த வாரத்தில் ரயிலில் இருக்கிறாள். கடிதத்தில் என்ன இருந்தது? தாத்தாவைக் கேட்டேன். "நாப்பது வருஷமா எனக்கும் தெரியாது கண்ணு" என்றார். நானும் தோழிகளும் ஆளுக்கொரு கடிதம் எழுதிப் பார்த்தோம், ரொம்ப மோசமான கடிதங்கள், ஆனால் கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

கல்கியின் பொன்னியின் செல்வனும் 1950இல் இப்படித் தொடராகத் தொடங்கி மூன்றரை வருஷம் வந்ததுதானே. அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இன்றைக்கு மலிவு விலையில் கிடைக்கிறது, எங்களைப் போன்றவர்கள் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள முடிகிற பெரிய நாவல் அது ஒன்றுதான். என் இரண்டாம் பாகத்தில் தட்டுவடை செட்டின் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் ஒருசேரக் கொட்டிய ஒரு பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இப்போதும் பூண்டு வாசம் அடிக்கும். படம் வந்த பிறகு வகுப்பில் நிறையப் பேர் படித்தார்கள், நடுவில் நிறுத்தியவர்களும் உண்டு. நிறுத்தினால் என்ன? எனக்கும் பிடிக்காத நாவல்கள் இருக்கின்றன. கதாபாத்திரம் பேசுவதுபோல ஆசிரியரே மைக் பிடித்துப் பிரசங்கம் செய்கிற நாவல்கள், இருநூறு பக்கத்தில் முடிய வேண்டியதை எழுநூறு பக்கத்துக்கு இழுத்து, தலையணைக்கு ஆகிற கனத்தில் கொண்டுவருகிற நாவல்கள். மூடி வைத்துவிடுவேன். பெருமாள்முருகனின் மாதொருபாகனுக்கு எதிர்ப்பு வந்து, 2015 ஜனவரியில் இனி எழுத மாட்டேன் என்று அவர் அறிவித்தாரே, அந்த வழக்கில் 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடு, படித்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று. படிக்கவே விடாதே என்பது வேறு விஷயம்.

இப்போது குறைக்கு வருகிறேன், கடிதம் எழுதியதே பாதி இதற்காகத்தான். எங்கள் கல்லூரி நூலகத்தில் நாவல்கள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோவில். பூட்டு போட்டிருக்கிறது. தலைப்புகளைக் கண்ணாடி வழியாகப் படிக்கலாம், கழுத்தைச் சாய்த்து நின்று நான் அப்படித்தான் பாதித் தமிழ் இலக்கியத்தின் முதுகைப் படித்து வைத்திருக்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அன்றைக்கு லீவாக இருப்பார், இல்லாவிட்டால் ஸ்டாக் சரிபார்ப்பு நடக்கும், இல்லாவிட்டால் "பாட புக்கு எடுத்துக்கோம்மா, அது எதுக்கு, தொலைஞ்சா நாங்கதான் கட்டணும்" என்பார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான், தொலைந்த புத்தகத்துக்குச் சம்பளத்தில் பிடித்தால் யார்தான் பூட்டாமல் இருப்பார்கள்? ஆனால் சீர்காழியில் பிறந்து கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதன், 1931லேயே ஐந்து விதி எழுதிவைத்து, அதில் முதல் விதியாக நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று வைத்தாரே, அந்த ஒன்றையாவது பின்பற்றலாம் இல்லையா? வேடிக்கை என்னவென்றால், அந்தப் பீரோவுக்கு மேலே சுவரில் அவர் படம்தான் மாட்டியிருக்கிறது.

பொது நூலகத்துக்குப் போனால் பூட்டு இல்லை, அது நிம்மதி. ஆனால் மேஜை முழுக்கப் போட்டித் தேர்வு அண்ணன்களும் அக்காக்களும், அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை, காலையில் வந்து இடம் பிடித்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். நாவல் ராக்குக்கு முன்னால் அவர்கள் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும். ஒரு புத்தகத்தை உருவ வேண்டும் என்றால் மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 1948இல் நூலகச் சட்டம் போட்டு, சுதந்திரத்துக்கு அப்புறம் நாட்டுக்கே வழிகாட்டிய மாகாணம் இது, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் எல்லோரிடமும் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு கூடமும், கதை படிக்கிறவர்களுக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு பெஞ்சும் போட முடியாதா? மலைக்கு மேலே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். கடைசி கிளாஸ் முடித்து நூலகம் போனால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது, பஸ்ஸைப் பிடித்தால் நூலகம் போக முடியாது. இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் எவ்வளவோ புத்தகங்களை இலவசமாக வைத்திருக்கின்றன, அவர்களுக்குக் கோடி புண்ணியம், ஆனால் எங்கள் எஸ்டேட்டில் சிக்னல் வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும், கார்த்திகை மாதக் குளிரில் எவ்வளவு நேரம் நிற்பது?

பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்குகிற மாத நாவல்களைப் பற்றியும் பெரியவர் ஒரு குத்து குத்தியிருந்தார். நான் அங்கேதான் தொடங்கினேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், அந்தக் கதைகளில் ஏற்காடு வந்தால் ஒரு கொலை நிச்சயம். பனி மூடிய பங்களா, தனியாக வரும் பணக்காரப் பெண், விளக்கு அணையும், அலறல் கேட்கும். சினிமாவில் என்றால் ஏரியில் படகு விட்டுக்கொண்டு ஒரு பாட்டு. இரண்டிலும் எங்கள் ஆட்கள் வாட்ச்மேனாக வந்து கேட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள், சில சமயம் அந்த வாட்ச்மேன்தான் கொலைகாரன். எங்கள் ஏற்காட்டு மலையில் இருக்கிற சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் இருந்து எல்லாம் ஜனம் வருமே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் கதை, சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறானே, அவன் வீட்டுக் கதை, இதையெல்லாம் வைத்து ஒரு முழு நாவலை நான் இதுவரை படிக்கவில்லை. வால்பாறைக்கு எரியும் பனிக்காடு இருக்கிறது, நீலகிரிக்குப் படகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய குறிஞ்சித்தேன் இருக்கிறது. அம்மா இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார், "நம்ம மலைக்கு ஒருத்தரும் எழுதலையா?" என்று.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சேலம் பதிப்பில் வாரத்துக்கு ஒரு தடவை, ராசிபலனுக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி போதும், இந்த மாவட்டத்து நூலகங்களுக்கு என்ன புதுப் புத்தகம் வந்திருக்கிறது, எது எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று போடுங்கள். இரண்டாவது, சேர்வராயன் மலையில் வேலை செய்கிற ஜனங்களை வைத்து நாவல் எழுதியவர்களோ, படித்தவர்களோ உங்கள் வாசகர்களில் இருந்தால், புத்தகத்தின் பெயரையும் பதிப்பகத்தையும் இந்தப் பகுதியிலேயே எழுதச் சொல்லுங்கள், பெரியவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி. கொலைக் கதை வேண்டாம், அது எங்களிடம் நிறைய இருக்கிறது. அடுத்த காபி சீசன் தொடங்குவதற்குள் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஏற்காட்டில் இருந்து ஒரு கல்லூரி மாணவி